யார் பக்கத்து நோய்?

பங்காரப்பேட்டையில் பிரியும் கிளை ரயில்பாதை மாரிகுப்பத்தோடு முடிந்துவிடுகிறது. கோலார் தங்கவயலின் சுரங்கங்களுக்காக 1894-இல் போட்ட பாதை அது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் சுரங்க ‘லைன்’களில் குடியேறி, தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்து, தமக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தன. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டதிலிருந்து, அதே பாதை ஊர் மக்களை நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்கு ஏற்றிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. விடியுமுன் கிளம்பும் அந்த வண்டிகளில் மருத்துவமனைக்குப் போகிறவர்களும் இருப்பார்கள். ஒரு வயதாகியும் தலை நிற்காத குழந்தை, பத்து வயதாகியும் பேச்சு வராத பையன், துணிக்கடைப் பைக்குள் எக்ஸ்-ரேயும் பழைய சீட்டுகளும். பெங்களூர் நிம்ஹான்ஸ், இல்லையென்றால் ஜோலார்பேட்டை வழியாக வேலூர் சி.எம்.சி.

இப்படிப்பட்ட வீடுகளில் மருத்துவர் வாய் திறப்பதற்கு முன்பே தீர்ப்புகள் தயாராக இருக்கும். ஒன்று, சுரங்கத்துத் தூசியும், தங்கம் பிரித்த கழிவான சயனைடு மண்ணும். இரண்டு, முன்வினை அல்லது கிரகணம். மூன்றாவதுதான் வீட்டுக்குள் ரத்தம் கசியும் தீர்ப்பு. “எங்க பரம்பரையில இப்படி யாருமே கிடையாது” என்று மாமியார் பொதுவாகச் சொல்லிவைப்பார். அது யாருக்குச் சொன்னது என்று மருமகளுக்குத் தெரியும்.

‘யார் பக்கத்திலிருந்து வந்தது?’ என்ற கேள்வியை மரபணுவியலும் கேட்கிறது. ஆனால் அது சொல்லும் விடைகள் வீட்டார் எதிர்பார்ப்பவை அல்ல. சில நோய்களுக்கு இரண்டு பக்கமும் சமம். சிலவற்றுக்கு எந்தப் பக்கமும் இல்லை. இன்னும் சிலவற்றில் எந்தப் பக்கம் என்பதுதான் நோயையே தீர்மானிக்கிறது. அந்தக் கடைசி வகையை அறிவியல் கண்டுபிடித்து நாற்பது ஆண்டுகள்தான் ஆகின்றன.

சுரங்கம் குற்றவாளியா?

முதல் தீர்ப்பை முதலில் பார்த்துவிடலாம். தங்கவயல் தன் மக்களுக்கு நோய் தந்தது உண்மை. பாறையைத் துளைக்கும்போது எழும் சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து, அதைத் தழும்பாக்கி, மூச்சை அடைக்கும் சிலிகோசிஸ் நோய், இந்தியாவில் 1947-இல் முதன்முதலாகப் பதிவானது இந்தச் சுரங்கங்களில்தான். ஆனால் அப்பாவின் நுரையீரலில் படிந்த தூசி பிள்ளைக்குப் போகாது. பிள்ளைக்குப் போவது விந்தணுவிலும் கருமுட்டையிலும் இருக்கும் டி.என்.ஏ. மட்டும். கர்ப்ப காலத்தில் தாயின் உடலில் சேரும் நச்சு கருவைக் கெடுக்கலாம்; அது பரம்பரை நோய் அல்ல.

டி.என்.ஏ.வையே மாற்றக்கூடிய கதிர்வீச்சு விஷயத்தில்கூட மனித உடல் நாம் பயப்படும் அளவுக்கு நொய்ந்தது அல்ல. ஹிரோஷிமா, நாகசாகியில் அணுகுண்டுக்குத் தப்பியவர்களுக்குப் பின்னால் பிறந்த பல்லாயிரம் பிள்ளைகளை ஜேம்ஸ் நீல், வில்லியம் ஷல் ஆகியோரின் குழு பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. அவர்களிடம் பரம்பரை நோய் கூடியதாகக் காண முடியவில்லை.

வெளி நச்சின்மேல் பழி விழுந்த இன்னொரு கதை கர்நாடகத்திலேயே உண்டு. சிவமொக்கா மாவட்டம் சாகர் வட்டத்தில் ஹந்திகோடு என்றொரு சிற்றூர். 1970-களின் நடுவில் அங்கும் சுற்றுவட்டாரத்திலும் சனங்கி, சலவாதி ஆகிய தலித் சமூகங்களைச் சேர்ந்த விவசாயக் கூலிகளிடையே ஒரு விசித்திர நோய் கவனத்துக்கு வந்தது. இடுப்பிலும் முழங்காலிலும் தாங்க முடியாத வலி. மூட்டுகள் தேய்ந்து உடல் கோணிவிடும். சிலர் உயரம் குன்றியே வளர்ந்தார்கள். சிலர் கையூன்றி நகர்ந்தார்கள். பூச்சிமருந்து அடித்த வயலில் பிடித்த நண்டைத் தின்றதால் வந்தது என்றுதான் அப்போது பேச்சு. ஏழைகள் வயல் நண்டைத் தின்பவர்கள். புதிய பூச்சிமருந்துகளும் அந்தக் காலத்தில்தான் வந்திருந்தன. சந்தேகம் நியாயமாகவே பட்டது. ஆனால் ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய் வம்சாவளிப் படம் வரைந்தபோது வேறொன்று தெரிந்தது. நோயுள்ள தாய் அல்லது தந்தைக்குப் பிறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய். ஆண், பெண் வேறுபாடு இல்லை. ஒரே ஒரு பழுதான மரபணுப் பிரதி போதும், நோய் வரும் என்பதற்கான அடையாளம் அது. நண்டு நிரபராதி.

இரண்டு பக்கமும் ஒரே பக்கமாக

நம் மரபணுக்களில் பெரும்பாலானவை இரண்டு பிரதிகளாக இருக்கின்றன. ஒன்று அம்மா தந்தது, மற்றது அப்பா தந்தது. மனிதருக்குச் சுமார் 20,000 மரபணுக்கள். அவற்றின் எழுத்து வரிசையில் ஒன்று மாறுவது, விடுபடுவது, இரட்டிப்பது எல்லாமே பிறழ்வு. பெரும்பாலான பிறழ்வுகளால் ஒன்றும் நேர்வதில்லை. நேர்ந்தாலும், ஒரு பிரதி கெட்டால் பல சமயம் மற்றது சமாளித்துக்கொள்ளும். இப்படிச் சமாளிக்கப்பட்டுக் கிடக்கும் கெட்ட பிரதிகள் நம் எல்லோரிடமும் சில உண்டு, மாமியாரிடமும் உண்டு.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அதே மரபணுவில் கெட்ட பிரதி வைத்திருக்கும் இருவர் மணந்துகொள்ளும்போது. தலசீமியா என்ற ரத்த நோய் இந்த வகை. பெற்றோர் இருவரும் முழு ஆரோக்கியமாக இருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தைக்கு இரண்டு கெட்ட பிரதிகளும் சேர்ந்து வந்துவிடும். பரம்பரையில் இதற்குமுன் யாருக்கும் இல்லை என்று மாமியார் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். நோய் வெளிப்பட்டதில்லை என்பதுதான் அதன் பொருள். பிரதி இல்லை என்பதல்ல.

சொந்தத்தில் கட்டும்போது இந்தச் சந்திப்பு எளிதாகிவிடுகிறது. தாத்தாவிடமிருந்த ஒரே கெட்ட பிரதி மகன் வழியாக ஒன்றும் மகள் வழியாக ஒன்றுமாக இறங்கி, பேரப்பிள்ளைகளின் கல்யாணத்தில் மறுபடி சேரலாம். அத்தை மகனும் மாமன் மகளும் மணந்தால், பிறக்கும் குழந்தையின் டி.என்.ஏ.வில் சராசரியாகப் பதினாறில் ஒரு பங்கு இடங்களில் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே நகலாக இருக்கும். அக்கா மகளைத் தாய்மாமன் கட்டினால் எட்டில் ஒரு பங்கு.

1980-களில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் என். அப்பாஜி ராவ் தலைமையில் கர்நாடக மருத்துவமனைகளில் பிறந்த லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அந்தக் குழந்தைகளின் பெற்றோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு ஜோடி நெருங்கிய உறவினர்கள். இந்த வழக்கம் குறைந்தாலும் போய்விடவில்லை. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுத் திருமணங்களில் 28 சதவீதமும் கர்நாடகத்தில் 27 சதவீதமும் சொந்தத்துக்குள் நடந்தவை.

இதைச் சொல்லிப் பயமுறுத்துவதும் தவறு. எந்தத் தம்பதிக்கும் நூற்றில் இரண்டு மூன்று குழந்தைகள் ஏதோ ஒரு பெரிய பிறவிக் குறையோடு பிறக்கக்கூடும். அத்தை மாமன் பிள்ளைகள் மணந்தால் அதோடு இன்னும் இரண்டோ மூன்றோ கூடும். மீதித் தொண்ணூற்றுச் சொச்சம் நலமாகத்தான் பிறக்கின்றன. ஆனால் குறையோடு ஒரு குழந்தை பிறந்துவிட்ட வீட்டில், அது யார் பக்கம் என்று கேட்பதற்கு இடமே இல்லை. கட்டிக்கொடுத்தது மாமன் வீட்டில் என்றால் இரண்டு பக்கமும் ஒரே பக்கம்தானே.

சொந்தத்தில் கட்டாவிட்டாலும் சாதிக்குள்ளேயே கட்டுவது சின்ன வட்டத்துக்குள் சுற்றுவதுதான். ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு நிலையத்தின் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட சமூகங்களைப் பார்த்தார்கள். அவற்றில் 81 சமூகங்கள், மிகச் சில மூதாதையரிடமிருந்து பெருகியவை. அவற்றுள் ஒன்றான ஆரிய வைசியரிடம் இதன் விளைவு அறுவைச் சிகிச்சை மேசையில் தெரியும். தசைகளைத் தளர்த்த மயக்க மருத்துவர் தரும் ஒரு மருந்து வழக்கமாகச் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதைச் சிதைக்கும் நொதி இந்தச் சமூகத்தில் சிலருக்குக் குறைவு. மணிக்கணக்கில் தசைகள் விழிக்காது, மூச்சுக்கு இயந்திரம் வேண்டும்.

எந்தப் பக்கமும் இல்லை

இனி இரண்டாவது விடை. ஒவ்வொரு குழந்தையும் பெற்றோர் இருவரிடமும் இல்லாத அறுபது எழுபது புதிய எழுத்து மாற்றங்களோடு பிறக்கிறது. இவற்றில் பெரும்பகுதி, ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, அப்பாவின் விந்தணுவில் நேர்ந்தவை. காரணம் எளிது. பெண்ணின் கருமுட்டைகள் அவள் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. விந்தணுக்களோ ஆணின் வாழ்நாள் முழுதும் பிரதி எடுத்து எடுத்து உருவாகின்றன. எழுதி எழுதி எங்காவது ஒரு பிழை விழுந்துவிடும். அப்பாவின் வயது ஓராண்டு கூடினால் ஒன்றிரண்டு பிழைகள் கூடுகின்றன.

கை கால் குட்டையாக வளரும் அகான்ட்ரோபிளேசியா இப்படி வருவது. இதோடு பிறப்பவர்களில் ஐந்தில் நால்வருக்குப் பெற்றோர் சராசரி உயரமுள்ளவர்கள். எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியதால் வந்த வினை. அந்தப் புதிய மாற்றம் எங்கே நேர்ந்தது என்று தேடினால் தந்தையின் விந்தணுவில்தான் அகப்படுகிறது. டவுன் சிண்ட்ரோமில் இது தலைகீழ். கூடுதலாக வரும் 21-ஆம் குரோமோசோம் பெரும்பாலும் கருமுட்டையிலிருந்து வருவது. இரண்டிலும் யாரும் எதையும் செய்யவில்லை, எதையும் தவிர்த்திருக்கவும் முடியாது. பழைய தலைமுறையில் தேடினாலும் எதுவும் கிடைக்காது.

ஒரே துண்டு, இரண்டு நோய்கள்

இந்த இரண்டு விடைகளுக்கும் ஒரு பொது நம்பிக்கை அடிப்படை: மரபணு எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் வேலை ஒன்றுதான். மெண்டலின் பட்டாணிச் செடியில் தொடங்கி நூற்றாண்டுக்கு மேலாக உயிரியல் அதை நம்பியது. அதை உடைத்தவை இரண்டு குழந்தை நோய்கள்.

முதலாவது, 1956-இல் சூரிக் நகரத்தில் பிராடர், லாப்ஹார்ட், வில்லி என்ற மூன்று மருத்துவர்கள் விவரித்தது. குழந்தை துவண்டுபோய்ப் பிறக்கும். அழுகை மெலிதாக இருக்கும். பால் உறிஞ்சத் தெம்பு இருக்காது. சில ஆண்டுகளில் நிலைமை திரும்பிவிடும்; பசி என்றால் அடங்காத பசி. சாப்பிட்டு முடித்த தட்டைக் கழுவுவதற்குள் அடுத்த தட்டு கேட்கும். பாலே குடிக்காத குழந்தை இப்போது நன்றாகச் சாப்பிடுகிறதே என்று பாட்டி சந்தோஷமாக ஊட்டுவார், அதுவே ஆபத்து. இந்தப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் சமையலறைக்குப் பூட்டு போட வேண்டியிருக்கிறது.

இரண்டாவதை 1965-இல் விவரித்தவர் ஹாரி ஏஞ்சல்மன் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர். அவர் பார்த்த மூன்று குழந்தைகளுக்குப் பேச்சு வரவில்லை, நடை விறைத்துத் துள்ளும், வலிப்பு வரும், ஆனால் அடிக்கடி சிரித்தபடி, மலர்ந்த முகத்தோடு இருப்பார்கள். இத்தாலியின் வெரோனா அருங்காட்சியகத்தில் கையில் பொம்மைப் படத்தோடு சிரிக்கும் சிறுவனின் ஓவியத்தைப் பார்த்தபோதுதான் இந்த மூவரையும் சேர்த்து எழுதும் எண்ணம் அவருக்கு வந்தது.

இரண்டு நோய்களுக்கும் வெளித்தோற்றத்தில் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் 1981-இல் டேவிட் லெட்பெட்டர் முதல் நோயுள்ளவர்களிடம் 15-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு காணாமல்போயிருப்பதைக் கண்டார். 1987-இல் எல்லன் மகேனிஸ் இரண்டாம் நோயுள்ள குழந்தைகளைச் சோதித்தபோது, அங்கும் அதே குரோமோசோமில் அதே இடம் காலி. ஐம்பது அறுபது லட்சம் எழுத்துகள் நீளமுள்ள ஒரே துண்டு தொலைந்து, இருவேறு நோய்கள். எப்படி?

விடை 1989-இல் தெளிவானது. தொலைந்தது அப்பா தந்த குரோமோசோமில் என்றால் பிராடர்-வில்லி. அம்மா தந்ததில் என்றால் ஏஞ்சல்மன்.

அதைவிட விசித்திரம், எதுவும் தொலையாமலே இந்த நோய்கள் வருவது. பிராடர்-வில்லி உள்ளவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு 15-ஆம் குரோமோசோம் இரண்டும் முழுசாக இருக்கும். எழுத்துக்கு எழுத்து சோதித்தாலும் பிழை இருக்காது. இரண்டும் அம்மாவிடமிருந்து வந்துவிட்டன, அவ்வளவுதான். அப்பாவுடையது இல்லை. பிறழ்வே இல்லாமல் ஒரு மரபணு நோய்.

சீராக வரும் பாத்திரங்களில் பெண் வீட்டார் பெயர் வெட்டி அனுப்புவதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். குடம் ஒன்றேதான், எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அதன் கழுத்தில் எழுதியிருக்கிறது. மரபணுக்களில் பெயர் வெட்டுவது மெத்தில் என்ற சிறு வேதிக் குழு: ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன். டி.என்.ஏ.வின் எழுத்தை அது மாற்றுவதில்லை; எழுத்தின் மேல் ஒட்டிக்கொள்கிறது, ஒட்டிய இடத்தில் மரபணு பெரும்பாலும் வாய்மூடிவிடும். மனிதரின் மரபணுக்களில் சுமார் நூறு இப்படி முத்திரை குத்தப்பட்டவை. அவற்றில் சிலவற்றில் அம்மாவின் பிரதி மட்டும் பேசும். சிலவற்றில் அப்பாவுடையது மட்டும். மற்ற மரபணுக்களுக்கு உள்ள மாற்றுப் பிரதி என்ற காப்பு இவற்றுக்கு இல்லை.

இந்த முத்திரை நிரந்தரமும் அல்ல. உங்கள் விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது பழைய பெயர்கள் எல்லாம் அழிக்கப்பட்டு, உங்கள் பால் எதுவோ அதன்படி புதிதாக வெட்டப்படும். அம்மாவிடமிருந்து ஒரு மகனுக்கு வந்த பிரதி, அவனிடமிருந்து அவன் பிள்ளைக்குப் போகும்போது ‘அப்பா’ முத்திரையோடு போகும்.

இதனால் ஏஞ்சல்மன் நோயில் ஒரு வினோதமான வம்சாவளி உருவாகிறது. இந்த நோயின் முக்கிய மரபணு யு.பி.இ.3ஏ. மூளை நரம்பணுக்களில் அம்மா தந்த பிரதி மட்டுமே இயங்கும். அந்த மரபணுவில் பிறழ்வுள்ள ஒரு ஆணை எடுத்துக்கொள்வோம். அவர் அதைத் தன் அப்பாவிடமிருந்து பெற்றிருந்தால் அவருக்கு ஒன்றுமில்லை. அவருடைய மகனுக்கும் மகளுக்கும் அது போனாலும் ஒன்றுமில்லை. வாய்மூடிய பிரதிதான் கெட்டிருக்கிறது. ஆனால் அந்த மகள் கருவுற்றால், அதே பிரதி இப்போது அம்மா முத்திரையோடு இறங்கும். குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு சரிபாதி. தலைமுறைகளாக ஆண்கள் வழியே சத்தமில்லாமல் வந்தது, ஒரு பெண்ணின் பிள்ளையிடம் வெளிப்படுகிறது. பழி யார்மீது விழும் என்று சொல்லவே வேண்டாம்.

இயற்கைக்கு இது எதற்கு?

இப்படி ஒரு ஏற்பாடு இருப்பதை எலிகள் முன்கூட்டியே சொல்லியிருந்தன. 1984-இல் கேம்பிரிட்ஜில், கென்யாவில் பிறந்த அசீம் சுரானியும், அமெரிக்காவில் டாவோர் சோல்ட்டர், ஜேம்ஸ் மெக்ராத் ஆகியோரும் தனித்தனியே ஒரே சோதனையைச் செய்தார்கள். எலியின் கருவுற்ற முட்டைக்குள் அம்மாவின் உட்கருவும் அப்பாவின் உட்கருவும் ஒன்றுசேரும் முன் தனித்தனியாக மிதக்கும் நேரம் ஒன்று உண்டு. அப்போது ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வைத்தார்கள். இரண்டும் அம்மாவுடையதாக இருந்தால், சிசு ஓரளவு உருவாகி, நச்சுக்கொடி வளராமல் நின்றுபோனது. இரண்டும் அப்பாவுடையதாக இருந்தால், நச்சுக்கொடித் திசு வளர்ந்தது, சிசு வளரவில்லை. இந்த இரண்டு சேர்க்கையிலும் குட்டி பிறக்கவில்லை.

டேவிட் ஹேக் என்ற பரிணாம உயிரியலாளர் இதற்கொரு விளக்கம் தந்தார். கருவிலிருக்கும் குழந்தை தாயிடமிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதில் இரு பக்க மரபணுக்களுக்கும் நலன் வேறு. அப்பா பக்கத்து மரபணுக்கள் இந்தக் குழந்தைக்கே முடிந்தவரை வாங்கப் பார்க்கும். அம்மா பக்கத்தவை, அடுத்த பிள்ளைகளுக்கும் மிச்சம் வேண்டுமென்று பிடித்துவைக்கும். வளர்ச்சியைத் தூண்டும் ஐ.ஜி.எஃப்.2 மரபணுவில் அப்பாவின் பிரதிதான் பேசுகிறது. அம்மாவுடையதும் சேர்ந்து பேசினால் குழந்தை மிகப் பெரியதாக, வாய்கொள்ளாத நாக்கோடு பிறக்கும் பெக்வித்-வீடெமன் நோய் வரும்.

மனிதரிடமும் எலிச் சோதனையை இயற்கையே சில சமயம் செய்துவிடுகிறது. கர்ப்பம் என்று நினைத்திருக்க, கருப்பையில் சிசு இல்லாமல் திராட்சைக் குலையாக நீர்க்கொப்புளங்கள் மட்டும் வளரும் முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில், பெரும்பாலும் எல்லாக் குரோமோசோமும் அப்பாவுடையவை. முட்டை வெறுமையாக இருந்திருக்கும். அநேகருக்கு இது ஒருமுறை நேர்ந்து, அடுத்த கர்ப்பம் சரியாக அமையும்.

சில பெண்களுக்கு மட்டும் திரும்பத் திரும்ப இதே நடக்கிறது. அவர்களின் கர்ப்பத்தில் அம்மாவின் குரோமோசோமும் இருக்கிறது. ஆனால் அதில் அம்மா முத்திரை இல்லை. அதனால் அப்பாவுடையது என்றே நடந்துகொள்கிறது. காரணத்தை 2006-இல் மாண்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தின் ரீமா ஸ்லிம் குழு கண்டுபிடித்தது. அவர்கள் ஆராய்ந்த குடும்பங்களில் இந்தியக் குடும்பமும் இருந்தது. என்.எல்.ஆர்.பி.7 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளும் அந்தப் பெண்ணிடம் கெட்டிருந்தன. ஒன்று அவளுடைய அம்மாவிடமிருந்து, மற்றது அப்பாவிடமிருந்து வந்தவை. பல குடும்பங்களில் அந்த இருவரும் உறவினர்கள். பிறழ்வும் முத்திரையும் சொந்தக் கல்யாணமும் ஒரே இடத்தில் சந்திக்கும் நோய் இது. அந்தப் பெண்ணுக்கு உடம்பில் வேறு எந்தக் குறையும் இல்லை. விரதமும் வேண்டுதலும் இதை மாற்றாது. இன்னொரு பெண்ணின் கருமுட்டையை வைத்துக் குழந்தை பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

மறுபடி வருமா?

இவ்வளவையும் தெரிந்துகொண்டு ஒரு குடும்பத்துக்கு என்ன பயன்? மருத்துவர் முன் உட்கார்ந்திருக்கும் தாயின் உண்மையான கேள்வி, அடுத்த குழந்தைக்கும் வருமா என்பதுதான். அதற்கு விடை நோயின் பெயரில் இல்லை; அது வந்த வழியில் இருக்கிறது. பிராடர்-வில்லி, ஏஞ்சல்மன் இரண்டிலும் முதல் சோதனை குழந்தையின் சிறிதளவு ரத்தத்தில் 15-ஆம் குரோமோசோமின் முத்திரையைப் பார்ப்பது. அப்பா முத்திரை இல்லையென்றால் பிராடர்-வில்லி ஏறத்தாழ உறுதி. தற்செயலாகத் துண்டு தொலைந்திருந்தால், அல்லது இரண்டு குரோமோசோமும் ஒரே பெற்றோரிடமிருந்து வந்திருந்தால், அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அம்மாவிடமிருந்து யு.பி.இ.3ஏ பிறழ்வு வந்திருந்தால் இரண்டில் ஒன்று. தலசீமியா வகை என்றால் நான்கில் ஒன்று. கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே அறிகுறியோடு வரும் இரண்டு குழந்தைகளின் குடும்பங்களுக்கு மருத்துவர் இரண்டு வேறு எண்களைச் சொல்வது இதனால்தான்.

ரிப்போர்ட் வந்த பிறகு அதை யாரிடம் சொல்ல வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஏஞ்சல்மன் குழந்தையின் அம்மா, அந்தப் பிறழ்வைத் தன் அப்பாவிடமிருந்து பெற்றிருந்தால், அவளுடைய தங்கைகள் சோதித்துக்கொள்ள வேண்டும். குழந்தையின் தாய்மாமனுக்குத் தன் பிள்ளைகளைப் பற்றிக் கவலை இல்லை. மகள் இருந்தால், அவள் பிள்ளை பெறும் காலத்தில் தெரிந்திருக்க வேண்டும். தலசீமியா என்றால் இரண்டு பக்கத்திலும் கல்யாணத்துக்கு நிற்கும் எல்லோரும் ரத்தம் கொடுக்கலாம். நம் வீடுகளில் நடப்பது வேறு. வரன் தட்டிப்போகும் என்று ரிப்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். பழி சொல்வதற்காக மட்டும் ‘யார் பக்கம்’ என்று கேட்டுப் பழகியதன் விலை இது. விடையைக் கேட்டால் பயன்பெறக்கூடிய சித்தியும் மாமன் மகளும் அதைக் கடைசிவரை கேட்காமலே போகிறார்கள்.